கைப்பேசியும் கைவிடப்பட்ட எழுத்தும்

கைப்பேசி தமிழைக் கெடுத்துவிட்டது என்னும் புலம்பல் ஆசிரியர் அறைகளில் ஓயாது கேட்கிறது. மாணவர் படிப்பதில்லை, படித்தாலும் எழுதுவதில்லை, எழுதினாலும் பிழையின்றி எழுதுவதில்லை, இவ்வளவுக்கும் காரணம் அவர்தம் கையில் ஒளிரும் அச்சிறு கண்ணாடிப் பலகையே என்று குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. வாசித்து முடித்தவர் தம் சட்டைப்பையிலிருந்து அதே கருவியை எடுக்கிறார். பெற்றோர் குழுவிற்குப் புலனத்தின் வழியே ஓர் அறிவிப்பு எழுதுகிறார். தமிழில்தான் எழுதுகிறார், ஆனால் ஆங்கில எழுத்தில்!

'நாளை பள்ளி விடுமுறை' என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்க. உரோமன் எழுத்தில் வந்த அவ்வறிவிப்பை உள்ளவாறே எழுத்துக்கூட்டிப் படித்தால் 'நாலை பல்லி விடுமுரை' என்று வரும். பள்ளிக்கு விடுமுறையா, சுவரில் ஊரும் பல்லிக்கு விடுமுறையா என்பதைப் பெற்றோரே உய்த்துணர்ந்துகொள்ள வேண்டும். அதே ஆசிரியர் விடுமுறை முடிந்து வந்து, வகுப்பில் லகர ளகர ழகர வேறுபாடு கற்பிக்கிறார். 'பல்லிக்குச் சென்றேன்' என்று எழுதிய மாணவனின் ஏட்டைச் சிவப்பு மையால் சுழித்து, ஐந்து முறை திருத்தி எழுதிவரச் சொல்கிறார். அம்மாணவனின் தாய் தம் கைப்பேசியில் ஆசிரியர் எழுதிய 'பல்லி'யை எவரிடம் காட்டித் திருத்தம் கேட்பார்?

இம்முரண்பாட்டைச் சுட்டினால், "அவசரத்திற்கு எழுதும் சிறு செய்திக்கெல்லாம் இலக்கணமா பார்ப்பது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பர். சிறு செய்திதான். ஆயின், ஒரு தமிழர் ஒரு நாளில் எழுதும் எழுத்து முழுவதும் அச்சிறு செய்திகளுக்குள் அடங்கிவிட்ட காலம் இது. கடிதம் எழுதுவோர் இல்லை. நாட்குறிப்பு எழுதுவோர் அரியர். கடைக்குப் போகுமுன் வாங்க வேண்டியவற்றைத் தாளில் குறித்துக்கொண்ட இல்லத்தரசியும் இன்று கைப்பேசியில் குறித்துக்கொள்கிறார். உப்பும் புளியும் மிளகாயும்கூட உரோமன் எழுத்தில்தான் வீட்டுக்கு வருகின்றன. வேறு எங்கேனும் நிதானமாக எழுதுகிறவர் அன்றோ, இது அவசர எழுத்து என்று ஒதுக்கிவைக்கலாம்?

மலேசியத் தமிழ்ப் பிள்ளையின் நிலையை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. அவை யாவும் தொடக்கப்பள்ளிகள். பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் கல்வியைத் தொடர்கிறது. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழும் கற்பிக்கப்பட வழியுண்டு என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. சட்டம் கூறுவது எளிது. ஆசிரியர் கிடைக்க வேண்டும். கால அட்டவணையில் இடம் கிடைக்க வேண்டும். அனைத்திற்கும் முன்பாகப் பெற்றோர் வாய்திறந்து கேட்க வேண்டும். ஆறாம் ஆண்டில் நடைபெற்றுவந்த யூபிஎஸ்ஆர் தேர்வும் 2020இல் நடவாமற்போய், 2021இல் அறவே நீக்கப்பட்டது. அத்தேர்வின் நன்மை தீமைகள் பற்றிய வழக்கு ஈண்டு வேண்டா. தமிழில் எழுதிக் காட்டியே தீரவேண்டும் என்னும் பொதுத்தேர்வுக் கட்டாயம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இன்று இல்லை என்பதே இங்கு வேண்டுவது.

பன்னிரண்டு வயதிற்குப் பின் தமிழ்ப் பாடம் எடுக்காத பிள்ளை தமிழை எங்கே எழுதும்? விண்ணப்பப் படிவம் மலாயில். வேலைக்கு எழுதும் மடல் ஆங்கிலத்தில். வங்கி, மருத்துவமனை, காவல்நிலையம் எங்கும் தமிழ் எழுத்துக்கு வேலை இல்லை. அண்ணன் தங்கைக்கு எழுதுவது, நண்பன் நண்பனுக்கு எழுதுவது, ஊரில் இருக்கும் பாட்டிக்கு எழுதுவது ஆகிய இவைதாம் எஞ்சியுள்ளன. இவை யாவும் கைப்பேசியில் நிகழ்கின்றன. ஆகவே, தமிழ்ப்பள்ளியை விட்டு வெளியேறிய பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுதுபலகை கைப்பேசிதான். குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட இக்கருவியே தமிழ் எழுத்தின் கடைசிப் புகலிடம். அப்புகலிடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதன்மேலேயே பழியும் போடுகின்றனர்.

ஒரு காலத்தில் இதற்குத் தக்க காரணம் இருந்தது. அதனை மறைப்பது நேர்மையாகாது. 1992ஆம் ஆண்டு திசம்பரில் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டபோது, அச்செய்தியின் கொள்ளளவு ஆங்கில எழுத்தை எண்ணியே வகுக்கப்பட்டிருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழ் போன்ற பிற எழுத்துகளைப் புகுத்தினால் 70 இடங்களே கிடைக்கும். அந்த 70இலும் தமிழுக்கு ஒரு நட்டம் உண்டு. 'வணக்கம்' என்னும் சொல்லில் தமிழ் நெடுங்கணக்கின்படி எழுத்து ஐந்து. இயந்திரமோ புள்ளியைத் தனியே எண்ணும். கணக்கில் ஏழு இடம் போய்விடும். கொம்பும் காலும் சுழியும் அவ்வாறே தனித்தனி இடம் கொள்ளும். ஒரு செய்திக்கு இத்தனை காசு என்று கட்டணம் வாங்கிய அக்காலத்தில், தமிழில் எழுதுகிறவர் இரட்டைக் கட்டணம் கட்ட நேர்ந்தது. அனுப்பியவர் கருவியில் தமிழாகத் தெரிந்தது, பெறுபவர் கருவியில் வெறுங்கட்டங்களாகத் தெரிந்ததும் உண்டு. அன்று உரோமன் எழுத்தில் எழுதியவரை எவரும் குறைகூற இயலாது.

அத்தடைகளைத் தகர்க்க முனைந்தோருள் இம்மண்ணின் மைந்தர் முன்னின்றனர் என்பதைத் தமிழ்ப்பள்ளி மாணவருள் எத்தனை பேர் அறிவர்? மலேசியாவில் 'ஆத்தூர்' என்னும் பெயரில் முதல் நடமாடும் தொலைபேசிச் சேவை தொடங்கியது 1985ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் மலேசியரான முத்து நெடுமாறன் கணினிக்கு 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கருவியும் எழுத்தும் இந்நாட்டில் ஓராண்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்! சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்னும் சிறுகதையாசிரியர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவாறே கணியன் என்னும் விசைப்பலகை முறையைப் படைத்தார். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டபோது, தமிழ்க் கவிதை தமிழ் எழுத்திலேயே ஏறியதற்கு அவர் உழைப்பே காரணம். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணையக் கருத்தரங்கு நடைபெற்றது. 2001ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2005ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி, கைப்பேசியில் தமிழிலேயே செய்தி எழுதி அனுப்பும் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அதனை ஆக்கியவரும் முத்து நெடுமாறனே. நா. கோவிந்தசாமி அதனைக் காணவில்லை. 1999ஆம் ஆண்டே அவர் மறைந்துவிட்டார்.

பின்னர் வந்தவை வேகமாக வந்தன. ஐபோனில் 2013ஆம் ஆண்டு தமிழ் விசைப்பலகை கருவியோடு சேர்ந்தே வந்தது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு தமிழுக்கும் அளித்தது. புலனம் போன்ற செயலிகளில் எழுத்தெண்ணிக் கட்டணம் வாங்கும் வழக்கமே இல்லை. 70 இடம் என்னும் தளையும் இல்லை; வெறுங்கட்டங்களும் இல்லை. காரணம் செத்து ஆண்டு பல ஆயின. அதன் பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு, "கைப்பேசியில் தமிழ் வராது" என்று இன்னும் கூறித் திரிவோரை என்னென்பது?

"வரும், ஆனால் கடினம்" என்பது அடுத்த சாக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடினமா என்பதை எண்ணியே பார்த்துவிடலாம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறம் இருக்கின்றன. மெய்கள் வலப்புறம் இருக்கின்றன. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமும் புள்ளியும் இருந்தால் போதும்; 247 எழுத்துகளும் இவற்றிலிருந்து பிறந்துவிடும். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் 'கா'. முதலாம் ஆண்டு ஆசிரியர் கரும்பலகையில் உயிர்மெய் கற்பிக்கும் முறையன்றோ இது? ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் புள்ளி தானே விழும். 'க்க', 'ப்ப', 'ம்ம' என்று வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே. 'ங்க', 'ஞ்ச', 'ண்ட', 'ந்த', 'ம்ப', 'ன்ற' ஆகியவை புள்ளியைத் தேடாமலே அமையும். இன எழுத்து என்று இலக்கண நூலார் வகுத்ததை இயந்திரம் ஏற்றுக்கொண்டு பணிசெய்கிறது.

'வணக்கம்' என்று எழுத இம்முறையில் ஆறு தட்டுகள் போதும்: வ, ண, க, க, ம, புள்ளி. அதையே உரோமன் எழுத்தில் எழுத எட்டு எழுத்து வேண்டும். 'நன்றி'க்கு ந, ன, ற, இ என்று நான்கு தட்டு, உரோமனில் ஆறு. 'பள்ளி'க்கு நான்கு, உரோமனில் ஐந்து, அப்படி எழுதியும் அது பல்லியாகிவிடும். 'மாணவர்' ஆறு, உரோமனில் நெடிலைக் காட்டி எழுதினால் எட்டு. எந்த எழுத்து நெடுவழி, எந்த எழுத்து குறுக்குவழி என்பதை இக்கணக்கே சொல்லும். விரலுக்குப் பழக்கம் இல்லை என்பது உண்மைதான். ஒரு வாரம் தட்டுத் தடுமாற வேண்டும். மிதிவண்டி கற்கும் பிள்ளை முழங்காலில் சிராய்ப்பு வாங்காமல் கற்பதில்லை.

ஆங்கில ஒலியில் தட்டினால் தமிழெழுத்தாக மாற்றித் தரும் முறையும் உண்டு. பலர் அதனை விரும்புகின்றனர். உரோமன் தமிழை அப்படியே அனுப்புவதினும் அது ஆயிரம் மடங்கு மேல். எனினும், மாணவருக்கு அதனைப் பரிந்துரைக்கும் ஆசிரியர் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்முறையில் பிள்ளையின் மனம் முதலில் ஆங்கில எழுத்தை நினைக்கிறது. பின்னரே தமிழ் பிறக்கிறது. றகரமா ரகரமா என்று பிள்ளை தீர்மானிப்பதற்கு முன்பே, கருவி சொற்பட்டியல் ஒன்றை நீட்டி, 'இதுவா, அதுவா' என்று கேட்கிறது. பிள்ளை முதலில் நிற்பதைத் தொட்டுவிட்டுப் போகிறது. முதியோருக்கு அது ஊன்றுகோல். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஊன்றுகோல் கொடுப்பார் உண்டோ?

இனி, உரோமன் எழுத்திலேயே எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்போர் இருக்கின்றனர். தமிழ்நாட்டில் எழுத்தாளர் ஜெயமோகன் 2013ஆம் ஆண்டு நாளிதழ் ஒன்றில், தமிழை ஆங்கில எழுத்துருவில் எழுதலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். கண்டனங்கள் எழுந்தன. கொள்கையளவில் ஒருவர் எழுதிய கட்டுரைக்கு அத்தனை சினம் வந்தது. அவர் 'செய்யலாம்' என்றார். இன்று ஒவ்வொரு வீட்டிலும் செய்துகொண்டிருக்கின்றனர். சினம் எங்கே போயிற்று? முன்னொரு காலத்தில் 'லை', 'ணை' ஆகியவற்றின் துதிக்கையை எடுப்பதா வேண்டாவா என்பதற்கே பெரும்போர் நடந்தது. பெரியார் 1935ஆம் ஆண்டு கையாளத் தொடங்கிய அச்சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு ஏற்க 1978ஆம் ஆண்டு ஆயிற்று. ஒரு துதிக்கைக்கு நாற்பத்து மூன்றாண்டு வாதாடிய இனம், யானையையே ஓட்டிவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கிறது.

"மலாய்மொழி ஜாவியை விட்டு ரூமிக்கு மாறவில்லையா? மலாய்மொழி அழிந்தா போயிற்று?" என்பது மலேசியாவில் எழும் வினா. விடை கூறத்தக்க வினாவே. மலாய்மொழியின் எழுத்து மாற்றம் எவரோ நான்கு பேர் கட்டைவிரலால் செய்த மாற்றம் அன்று. பள்ளிக்கென எழுத்துக்கூட்டு முறை வகுக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டம் ரூமியை அலுவல் எழுத்தாக்கியது. ஜாவிக்குத் தடையும் விதிக்கவில்லை. 1972ஆம் ஆண்டு இந்தோனேசியாவோடு கூடிப் பொது எழுத்துக்கூட்டு வகுத்தனர். ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, அகராதி உண்டு, பாடநூல் உண்டு, அதன்பின் ஓர் அரசு உண்டு. அவ்வளவு இருந்தும், ஜாவியில் அச்சான பழைய நூல்களையும் இதழ்களையும் சரளமாகப் படிக்க இயலாத மலாய் இளைஞர் பலர்.

புலனத்தில் ஓடும் உரோமன் தமிழுக்கு எந்த விதியும் இல்லை. ழகரத்திற்கு ஒருவர் இரண்டெழுத்துச் சேர்த்து எழுதுகிறார். மற்றவர் லகரத்தின் எழுத்தையே போட்டுவிடுகிறார். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பவரும் உண்டு. இரட்டிக்க நேரமில்லாதவரும் உண்டு. எம், ஏ, என், ஏ, எம் என்று ஐந்தெழுத்து வருகிறது: மனமா, மணமா, மானமா? மனம் போனால் தேற்றலாம்; மணம் போனால் வேறு பூ வாங்கலாம்; மானம் போனால்? வி, ஏ, எல், ஐ என்னும் நான்கெழுத்து வலியா, வழியா, வளியா, வாலியா? மகன் வெளியூரிலிருந்து அந்நான்கெழுத்தை மட்டும் அனுப்பினால், அவன் நோயுற்றிருக்கிறானா, வழி கேட்கிறானா என்று தாய் கலங்க வேண்டியதுதான். இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்பர். இதனைச் சொல்வோர் தமிழை முன்பே எழுத்தில் கற்றவர். அவர் மனத்தில் ழகரம் இருக்கிறது. எனவே கண்முன் இல்லாவிடினும் காண்கிறார். ழகரத்தை எழுதியே பழகாத அடுத்த தலைமுறை எதனைக் கொண்டு காணும்? அந்தத் தலைமுறை 'பழம்' என்பதையும் 'பலம்' என்பதையும் ஒன்றாக எழுதும்; ஒன்றாக எழுதுவது நாளடைவில் ஒன்றாக ஒலிக்கும். 'வாளப்பளம்' என்னும் உச்சரிப்பைத் திருத்தவே ஆசிரியரின் தொண்டை வறள்கிறது. எழுத்தும் அதற்குத் துணைபோய்விட்டால் திருத்துவதற்கு எதனைச் சுட்டிக்காட்டுவது?

தலைமையாசிரியர் சிலர் வேறொரு காரணம் கூறுகின்றனர். பெற்றோருள் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர். அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே உரோமன் எழுத்தில் எழுதுகிறோம் என்பது அவர் கூற்று. கேட்பதற்குக் கனிவாக இருக்கிறது, ஆராய்ந்தால் நில்லாது. தேசியப் பள்ளியில் படித்த தந்தைக்கு மலாய் நன்கு தெரியும். அவருக்கு மலாயில் ஒரு வரி எழுதினால் அரை நொடியில் விளங்கும். தமிழ்ப்பள்ளியில் படித்த தாய்க்குத் தமிழெழுத்தில் ஒரு வரி எழுதினால் அதுவும் உடனே விளங்கும். உரோமன் தமிழோ இருவரையும் எழுத்துக்கூட்ட வைக்கிறது. மேலே தமிழ், கீழே மலாய் என்று இரு வரி எழுதுவதில் யாது இடர்? இன்னும் ஒன்று. தமிழ் எழுத்தில் வந்த செய்தியைப் படிக்க இயலாத பெற்றோர்க்கு அதனை உரக்கப் படித்துக்காட்டும் ஆற்றலும், மொழிபெயர்த்துக் கொடுக்கும் ஆற்றலும் கைப்பேசிக்கு இன்று வந்துவிட்டன. விதியற்ற உரோமன் தமிழைக் கொடுத்தால் அக்கருவியே திகைத்து நிற்கும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், அப்பள்ளியிலிருந்து வரும் செய்தியில் நான்கு தமிழெழுத்தைக் கண்டு, "இது என்ன எழுத்து?" என்று தம் பிள்ளையைக் கேட்கட்டுமே! பிள்ளை பெற்றோர்க்குப் படித்துச் சொல்லும் அந்தப் பெருமையை எதற்காகப் பறிக்க வேண்டும்?

குரற்செய்தி பற்றியும் கூற வேண்டும். புலனத்தில் 2013ஆம் ஆண்டு அவ்வசதி வந்த பிறகு, எழுதத் தெரிந்தவரும் எழுதுவதை விட்டுவிட்டார். தோட்டப்புறங்களில் எழுத்தறியாத பாட்டாளிகள், ஊருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் சொல்லி எழுதுவித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வந்த மறுமொழியையும் அவரே படித்துச் சொல்ல வேண்டும். குடும்பத்துத் துயரம் முழுவதையும் மூன்றாமவர் முன்னிலையில் கொட்ட வேண்டிய அந்த அவலத்தைக் குரற்செய்தி துடைத்துவிட்டது. எழுத்தறியாத மூதாட்டி தன் பேரனோடு நேரே பேசுகிறார். இதனைக் குறைகூறுவோர் கல்நெஞ்சர். ஆனால், பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு நிமிடம் நீளும் குரற்செய்தியில் பாட்டுப்போட்டி விதிமுறைகளைச் சொல்லி அனுப்புவது எந்த அவலத்தைத் துடைப்பதற்காம்? கேட்பவர் தாளும் எழுதுகோலும் எடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய கடிதமெழுதும் முறை தலைகீழாகத் திரும்பிவிட்டது. எழுத்தறிந்தவர் சொல்ல, கேட்பவர் எழுதிக்கொள்கிறார்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் அடைக்கப்பட்டபோது, கைப்பேசி ஒரே நாளில் வகுப்பறையாயிற்று. வீட்டுக்கு ஒரு கருவி; அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பிறகே பிள்ளைகள் கைக்கு வரும்; மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்த வீடுகள் பல. அந்நெருக்கடியில் ஆசிரியர்கள் பட்ட பாட்டை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அக்காலத்து வழக்கம் ஒன்றை நினைவுகூர வேண்டும். பிள்ளை தாளில் தமிழில் எழுதும். தாய் படம்பிடித்து அனுப்புவார். மறுமொழியாக ஆசிரியரிடமிருந்து நிமிர்ந்த கட்டைவிரல் படம் ஒன்று வரும். அல்லது ஆங்கிலத்தில் இரண்டு சொல் வரும். 'நன்று' என்னும் சொல்லுக்கு ந, ன, ற, உ என்று நான்கு தட்டு. அந்நான்கு தட்டு கிடைத்திருந்தால், கருவியில் தமிழ் எழுதலாம் என்பதையாவது அப்பிள்ளை கற்றிருக்கும். பள்ளிகள் திறந்தன, கைப்பேசி மீண்டும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அதில் தமிழ் எழுதக் கற்பிக்கக் கிடைத்த வாய்ப்பு அவ்வாறே போயிற்று.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே தமிழ், உயர்நிலைப் பள்ளியிலும் தாய்மொழிப் பாடமாகத் தொடர்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் கையில் சொந்தக் கற்றல் கருவி இருக்க வேண்டும் என்னும் திட்டம் 2021ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. அக்கருவியில் தமிழ் தட்டச்சும் பாடத்திற்காகக் கற்பிக்கப்படுகிறது. பாடவேளை முடிந்ததும் மாணவர் இருவர் தமக்குள் எழுதிக்கொள்வது எந்த மொழியில் என்பதை அங்குள்ள ஆசிரியரே நன்கு அறிவர். கருவி தருவது அரசின் வேலை. அதனைத் தமிழில் திறந்துவைப்பது வீட்டின் வேலை; வீடு அயர்ந்தால் ஆசிரியரின் வேலை.

மேடைத் தமிழரையும் இங்கு விட்டுவிட இயலாது. தமிழ் வாழ்க என்று பதாகை கட்டுகின்றனர். விழா அழைப்பிதழைப் படமாக அடித்து அனுப்புகின்றனர். படத்தின் கீழே, "கட்டாயம் வரவும்" என்பதை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். விடிந்ததும் ரோசாப்பூப் படத்தில் 'காலை வணக்கம்' வருகிறது. அதிலுள்ள தமிழெழுத்து எவரோ எழுதியது. அனுப்புகிறவர் தம் கையால் ஓர் எழுத்தும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு வணக்கம் சொல்லும் இவர், ஒரு முறையேனும் அச்சொல்லைத் தாமே தட்டியதுண்டோ?

மாணவர் முன் இதனை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதில் பெரிய திட்டம் எதுவும் தேவைப்படாது. ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் மாணவர், பிரியும்போது தம் குழுவொன்றைக் கைப்பேசியில் தொடங்கிக்கொள்வது இன்று எங்கும் காணும் வழக்கம். அக்குழு தொடங்கும் நாளில் வகுப்பாசிரியர் அதில் முதற்செய்தியைத் தமிழெழுத்தில் எழுதட்டும். தமிழ்99 விசைப்பலகையை அட்டையில் வரைந்து, கருவியே இல்லாமல் விரற்பயிற்சி கொடுக்கலாம். கைப்பேசித் தடை அட்டைக்கு இல்லை. பெற்றோருக்கான அறிவிப்பை ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரைக் கொண்டே தாளில் எழுதச் செய்து, பிழை நோக்கி, ஆசிரியர் தட்டி அனுப்பலாம். ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதும் முறைக்கும் பயிற்றுத்துணைப்பொருள் செய்யும் முறைக்கும் ஒதுக்கும் நேரத்தில், தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும்.

ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியர் இதற்குமேல் எங்கே கற்பது என்று கேட்பர். பழைய துதிக்கை 'லை'யில் கற்று, புதிய 'லை'யில் கற்பித்தவர் அவர். தட்டச்சுப் பொறியில் வினாத்தாள் அடித்தார், மெழுகுத்தாளில் படியெடுத்தார், பின்னர்க் கணினிக்கு வந்தார், புலனத்தில் பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்க எவரிடமும் பயிற்சி பெறவில்லை. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, விசைப்பலகை என்னும் பகுதியைத் திறந்து, மொழிப்பட்டியலில் தமிழைத் தொட வேண்டும். கருவிக்குக் கருவி இடம் சற்று மாறும். பக்கத்தில் இருக்கும் மாணவனைக் கேட்டால் காட்டுவான். இதற்குக் கட்டணம் இல்லை. மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுத வேண்டியதும் இல்லை.